நடந்து முடிந்தும் முடியாத நோய்: பிடிஎஸ்டி பற்றிய முழுமையான வழிகாட்டி

"நடந்தது நடந்துபோச்சு, அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே, மறந்துட்டு வேலையைப் பாரு." பிடிஎஸ்டி, அதாவது பயங்கரமான நிகழ்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு, உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. சொல்பவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் கேட்பவர் காலையில் கண் விழித்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். நினைக்காமல் இருக்கப் பாடுபடுகிறார். நினைவு வரும் இடத்துக்குப் போவதில்லை, அந்தப் பேச்சு வந்தால் எழுந்துவிடுகிறார், தூங்கினால் கனவு வரும் என்று பயந்து விழித்தே கிடக்கிறார். அந்தப் பாடுதான் நோய்க்குத் தீனி. தவிர்க்கத் தவிர்க்க பிடிஎஸ்டி வலுக்கும். பாதுகாப்பான சூழலில், படிப்படியாக, நினைவின் பக்கம் திரும்பினால் அது தளரும். நோயைக் கண்டறிவதில் நேரும் தவறுகளும் சரி, சிகிச்சை பாதியில் நின்றுபோவதும் சரி, பெரும்பாலும் இந்தத் தவிர்ப்பில்தான் வந்து முடிகின்றன. ஆகவே கீழே எந்தப் பகுதியைப் படித்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

சாதாரண நினைவுக்குத் தேதி உண்டு. போன வருடம் காய்ச்சலில் கிடந்தது நினைவுக்கு வந்தால், அது போன வருடம் நடந்தது என்ற உணர்வும் கூடவே வருகிறது. உயிர் போகும் தறுவாயில் பதிந்த நினைவு அப்படி வருவதில்லை. மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி உச்சத்தில் இயங்கும் நேரத்தில், நிகழ்ச்சியைக் காலம், இடம், முன்பின் என்று கோத்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சரியாக வேலை செய்வதில்லை. அதனால் நினைவு ஒரு கதையாகப் பதியாமல் துண்டுகளாகப் பதிகிறது. கருகிய ரப்பர் வாசனை, கண்ணாடி நொறுங்கும் சத்தம், ஒரு முகம், வயிற்றில் இறங்கிய குளிர்ச்சி. பின்னொரு நாள் அதே வாசனை மூக்கில் ஏறினால், "இது அப்போது நடந்தது" என்ற குறிப்பு இல்லாமல், இப்போதே நடப்பதுபோல உடம்பு எழுந்துகொள்கிறது. இதயம் அடிக்கிறது, கை வியர்க்கிறது, ஓடத் தோன்றுகிறது. "இங்கே ஆபத்தில்லை" என்று அடக்கிவைக்க வேண்டிய முன்மூளைப் பகுதியின் பிடி அந்த நேரத்தில் தளர்ந்திருக்கிறது.

இதில் குணக்கேடோ கோழைத்தனமோ எதுவும் இல்லை. உயிரைக் காப்பாற்ற ஒலித்த மணி, ஆபத்து தீர்ந்த பிறகும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த மூளைக்குப் புதிய அனுபவம் வேண்டும்: வாசனை வந்தது, நான் அங்கேயே இருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. தவிர்ப்பு அந்த அனுபவத்தைக் கிடைக்க விடுவதில்லை. ஒவ்வொரு முறை விலகி ஓடும்போதும் உடனடி நிம்மதி கிடைக்கிறது. "ஓடியதால்தான் தப்பித்தேன்" என்று மூளை எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது.

முதல் உலகப் போர்க் காலத்தில் இதை 'ஷெல் ஷாக்' என்றார்கள். 1980ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மனநோய்களை வகைப்படுத்தும் தன் டிஎஸ்எம் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பிடிஎஸ்டி என்ற பெயரைச் சேர்த்தது. போர்வீரர்களுக்கு மட்டும் வரும் நோய் என்ற எண்ணம் அந்த வரலாற்றால் வந்தது, அது தவறு. சாலை விபத்து, பாலியல் வன்முறை, வீட்டுக்குள் அடி உதை, சிக்கலான பிரசவம், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாட்கள், வெள்ளம், நிலநடுக்கம் என்று எதற்குப் பின்னும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலக மக்களில் சுமார் 70% பேர் வாழ்நாளில் இப்படி ஒரு நிகழ்ச்சியைச் சந்திக்கிறார்கள், அவர்களில் 5.6% பேருக்குத்தான் பிடிஎஸ்டி வருகிறது. போரிலும் பாலியல் வன்முறையிலும் இந்த விகிதம் மிக அதிகம். அதாவது, பெரும்பாலானோர் தாமாகவே தேறுகிறார்கள். தேறாதவர்களை அடையாளம் கண்டு முறையான சிகிச்சையில் சேர்ப்பதுதான் நம் வேலை.

முதல் ஒரு மாதம்: செய்ய வேண்டியது குறைவு, செய்யக்கூடாதது அதிகம்

நிகழ்ச்சி நடந்த முதல் வாரங்களில் தூக்கம் கெடுவதும், காட்சி கண்ணுக்குள்ளேயே நிற்பதும், சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவதும் இயல்பு. இந்தக் கட்டத்தில் பிடிஎஸ்டி என்று முத்திரை குத்தக் கூடாது. அந்த நோயறிதலுக்கு ஒரு மாதம் கடந்திருக்க வேண்டும். 3 நாள் முதல் 1 மாதத்துக்குள் அறிகுறிகள் கடுமையாக இருந்தால் அதற்குப் பெயர் கடும் மன அழுத்தக் கோளாறு.

பாதிக்கப்பட்டவருக்கு முதலில் தேவை பாதுகாப்பான இடம், சாப்பாடு, தண்ணீர், தூங்க வசதி, நெருங்கியவர்களோடு தொடர்பு, அடுத்து என்ன நடக்கும் என்ற தெளிவான தகவல். அவர் பேச விரும்பினால் உட்கார்ந்து கேளுங்கள். விரும்பவில்லை என்றால் தோண்டாதீர்கள். பேரிடர் நடந்த உடனே எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததையும் உணர்ந்ததையும் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகளில் அது பிடிஎஸ்டியைத் தடுக்கவில்லை. சிலருக்கு நிலைமை மோசமானது. இன்றைய வழிகாட்டுதல்கள் அதைக் கைவிடச் சொல்கின்றன.

நினைவின் பக்கம் திரும்புவதுதான் மருந்து என்று சொல்லிவிட்டு, இங்கே தோண்ட வேண்டாம் என்கிறோமே என்று தோன்றலாம். வேறுபாடு இதுதான்: சிகிச்சையில் ஒருவர் தன் விருப்பத்தோடு, தயாரிப்போடு, பயம் இறங்கும்வரை பலமுறை திரும்புகிறார். காயம் ஆறுவதற்குள் அந்நியர்கள் முன்னால் ஒரே ஒருமுறை கிளறிவிட்டு அனுப்புவதில் இது எதுவும் இல்லை.

முதல் வாரங்களில் செய்யப்படும் இன்னொரு தவறு, "தூங்கட்டும்" என்று டயசிபம், அல்பிரசோலம், குளோனசிபம் போன்ற மாத்திரைகளை வாரக்கணக்கில் தருவது. அவை அந்த இரவைக் கடத்தலாம், பிடிஎஸ்டியைத் தடுப்பதில்லை. ஒரு மாதத்துக்குள்ளேயே அறிகுறிகள் கடுமையாக இருப்பவர்களுக்கு, மனவடுவை மையமாகக் கொண்ட குறுகிய உளச்சிகிச்சையை அப்போதே தொடங்கலாம்.

கண்டறிதல்: எந்த வரிசையில் கேட்பது?

பெரும்பாலானோர் "எனக்குப் பிடிஎஸ்டி" என்று வருவதில்லை. தலைவலி, தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றுக் கோளாறு, "எதற்கெடுத்தாலும் கோபம்" என்று வருகிறார்கள். ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் சரியாக இருக்கின்றன, மாத்திரை எழுதி அனுப்பப்படுகிறார்கள். நோயாளி தானாகச் சொல்வதில்லை, மருத்துவர் கேட்பதில்லை, ஆண்டுகள் ஓடுகின்றன. கேட்க ஒரே வாக்கியம் போதும்: "உயிருக்கே ஆபத்தான, அல்லது ரொம்பவே பயங்கரமான ஏதாவது உங்களுக்கு எப்போதாவது நடந்திருக்கிறதா? விவரம் இப்போது வேண்டாம், நடந்ததா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும்." இரண்டாவது வாக்கியம்தான் வாயைத் திறக்கவைக்கும். அதை விட்டுவிடாதீர்கள். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அடித்தவரே கூட வந்திருக்கலாம்.

முதல் படி: நிகழ்ச்சி தகுதியானதா?

டிஎஸ்எம்-5 கையேட்டின்படி மரணம், மரண அச்சுறுத்தல், கடுமையான காயம், பாலியல் வன்முறை இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். நேரடியாக நடந்திருக்கலாம், கண்ணால் பார்த்திருக்கலாம், நெருங்கியவருக்கு விபத்திலோ வன்முறையிலோ நேர்ந்ததைக் கேள்விப்பட்டிருக்கலாம், மீட்புப் பணியாளர், காவலர் போன்றவர்கள் வேலையின் பேரில் கொடூர விவரங்களைத் திரும்பத் திரும்பக் கையாண்டிருக்கலாம். தொலைக்காட்சியில் பார்த்தது, வேலை நிமித்தமாக இல்லாதவரை, இதில் சேராது. வேலை போனது, திருமண முறிவு போன்றவை மனதை உடைக்கக்கூடியவைதான். ஆனால் அவற்றுக்குப் பின் வருவது வேறு நோயறிதல், சிகிச்சையும் வேறு.

இரண்டாம் படி: நான்கு தொகுதிகள்

முதல் தொகுதி, திரும்ப அனுபவித்தல். அழைக்காமல் வரும் நினைவுகள், கொடுங்கனவுகள், ஃப்ளாஷ்பேக் (நிகழ்ச்சி இப்போதே மீண்டும் நடப்பதுபோன்ற அனுபவம்), நினைவூட்டும் எதையாவது கண்டால் மனம் பதறுவது, உடம்பு பதறுவது. ஐந்தில் ஒன்று இருந்தால் போதும். இரண்டாவது, தவிர்ப்பு: நினைவுகளையும் உணர்வுகளையும் தவிர்ப்பது, அல்லது இடம், ஆட்கள், பேச்சு, பொருள் ஆகியவற்றைத் தவிர்ப்பது. இரண்டில் ஒன்று. மூன்றாவது, எண்ணத்திலும் மனநிலையிலும் வந்த மாற்றம். "நான் கெட்டவள்", "யாரையும் நம்ப முடியாது" போன்ற உறுதியான எண்ணங்கள், தன்மீதோ பிறர்மீதோ பொருந்தாத பழி, தீராத பயம், குற்றவுணர்வு, வெட்கம், கோபம், நாட்டம் குறைவது, யாரோடும் ஒட்டாமல் போவது, மகிழ்ச்சியே எட்டாதது, நிகழ்ச்சியின் முக்கியப் பகுதி நினைவிலேயே இல்லாதது. ஏழில் இரண்டு வேண்டும். நான்காவது, எந்நேரமும் விழிப்பு: எரிச்சல், துணிகரச் செயல்கள், சுற்றுமுற்றும் நோட்டம், திடுக்கிடல், கவனக்குறைவு, தூக்கக்கேடு. ஆறில் இரண்டு.

நடைமுறையில் ஏமாற்றுவது தவிர்ப்புதான். "இப்போதெல்லாம் நினைப்பே வருவதில்லை" என்று ஒருவர் சொல்வார். மூன்று வருடமாக வண்டி ஓட்டவில்லை, செய்தி பார்க்கவில்லை, அந்த ஊர்ப்பக்கம் போகவில்லை, இரவு இரண்டு மணிவரை தன்னைக் களைப்பாக்கிக்கொண்ட பிறகே படுக்கிறார் என்பது பின்னால் தெரியவரும். ஆகவே "எதைப் பற்றி நினைக்கிறீர்கள்?" என்று கேட்பதோடு, "முன்பு செய்துகொண்டிருந்து இப்போது நிறுத்திவிட்டவை என்னென்ன?" என்றும் கேளுங்கள்.

மூன்றாம் படி: காலமும் பாதிப்பும்

அறிகுறிகள் 1 மாதத்துக்கு மேல் நீடித்து, வேலை, படிப்பு, குடும்பம் எதையாவது கெடுத்திருக்க வேண்டும். அல்லது தாங்க முடியாத வேதனை தந்திருக்க வேண்டும். குடியாலோ மருந்தாலோ வேறு உடல்நோயாலோ வந்ததாக இருக்கக் கூடாது. நிகழ்ச்சி நடந்து 6 மாதத்துக்குப் பிறகே முழு அளவுகோலும் பொருந்தினால் அது தாமதமாக வெளிப்பட்ட வகை. தன்னிலிருந்தே விலகி நின்று பார்ப்பதுபோன்ற உணர்வோ, உலகமே கனவுபோலத் தெரிவதோ சேர்ந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், சிகிச்சையின் போது அது தேவைப்படும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 சற்றுச் சுருக்கமானது. நிகழ்காலத்திலேயே மீண்டும் நடப்பதுபோல அனுபவித்தல், தவிர்ப்பு, இப்போதும் ஆபத்து சூழ்ந்திருக்கும் உணர்வு ஆகிய மூன்றைக் கேட்கிறது. இவற்றோடு உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாமை, "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்ற ஆழ்ந்த எண்ணம், உறவுகளில் நிலைக்க முடியாமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிக்கல்நிலை பிடிஎஸ்டி என்கிறது. குழந்தைப் பருவத்தில் நீண்டகாலக் கொடுமை, சித்திரவதை, தப்ப முடியாத வன்முறை இவற்றுக்குப் பின் இது அதிகம் காணப்படும்.

நான்காம் படி: எண்ணால் அளவிடுதல்

பிசிஎல்-5 என்ற வினாத்தாளில் 20 கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு தொல்லை தந்தது என்று 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. 31 முதல் 33 வரையிலான எல்லையைத் தாண்டினால் பிடிஎஸ்டி இருக்க வாய்ப்பு அதிகம். நிரப்ப 5 முதல் 10 நிமிடம் போதும். ஆனால் இது நோயறிதல் அல்ல. உறுதிசெய்ய முழுமையான நேர்காணல் வேண்டும். கேப்ஸ்-5 என்ற நேர்காணல் 45 முதல் 60 நிமிடம் எடுக்கும். நிரப்பும்போது ஒரே ஒரு நிகழ்ச்சியை மனதில் வைத்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் தாளை நீட்டினால், பொதுவான கவலையும் வேலைச் சுமையும் கலந்து எண் ஏறிவிடும்.

ஐந்தாம் படி: வேறு எதுவாவது இருக்குமா?

மனச்சோர்வு பிடிஎஸ்டியோடு ஒட்டியே வரும், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு மூளைக் காயத்தின் அறிகுறிகள் (தலைவலி, மறதி, எரிச்சல்) கலந்து குழப்பும். பீதி நோயில் தாக்குதல் எந்தத் தூண்டலும் இல்லாமலே வரக்கூடும். பிடிஎஸ்டியில் வரும் பதற்றத்துக்குப் பெரும்பாலும் ஒரு தூண்டல் இருக்கும். ஃப்ளாஷ்பேக்கைப் பிரமை என்று எண்ணி மனச்சிதைவு நோய்க்கான மருந்து தொடங்கிய தவறுகள் உண்டு. ஃப்ளாஷ்பேக்கில் வருவது நடந்த நிகழ்ச்சியின் துண்டு. கேட்கும் குரலும் தெரியும் முகமும் அதிலிருந்தே வருபவை. கொடுங்கனவோடு பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆறாம் படி: இன்றைய ஆபத்து

தற்கொலை எண்ணம் உண்டா, திட்டம் உண்டா, கைக்கெட்டும் தூரத்தில் வழி உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. திட்டம் இருந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வன்முறை இன்னும் தொடர்கிறதா என்பதும் முக்கியம். தினமும் அடி வாங்கும் வீட்டுக்குத் திரும்புபவரின் பயம் நியாயமானது. அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்புத் திட்டம்.

சிகிச்சை: எது வேலை செய்கிறது?

நினைவை நேரடியாகத் தொடும் உளச்சிகிச்சைகளே முதல் தேர்வு. மருந்து இரண்டாவது, அல்லது துணை. வாராவாரம் அந்த வாரக் கவலைகளைப் பேசிவிட்டு வரும் பொதுவான ஆலோசனை ஆறுதல் தரும், ஆனால் பிடிஎஸ்டியை அது அதிகம் அசைப்பதில்லை. சிகிச்சையாளரைத் தேடும்போது, "மனவடுவுக்கென்று எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்? எத்தனை அமர்வுகள்? வீட்டுப்பாடம் உண்டா?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறொருவரைப் பார்ப்பதில் தவறில்லை.

நீடித்த எதிர்கொள்ளல் முறை

உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய இம்முறையில் பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். முதல் அமர்வில் ஏன் இதைச் செய்கிறோம் என்ற விளக்கமும் மூச்சுப் பயிற்சியும். இரண்டாவதில் ஏணி போடுவது: தவிர்ப்பவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் தரும் பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை எண் கொடுப்பது. வண்டி விபத்தில் தப்பிய ஒருவரின் ஏணி இப்படி இருக்கலாம்:

நிறுத்தியிருக்கும் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பது: 40
அமைதியான தெருவில் வேறொருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பது: 50
அதே தெருவில் தானே ஓட்டுவது: 65
பகலில் நெடுஞ்சாலையில் ஓட்டுவது: 80
விபத்து நடந்த வளைவைக் கடப்பது: 90
இரவில், மழையில் அந்த வளைவைக் கடப்பது: 100

40, 50 அளவில் தொடங்க வேண்டும். 20ல் தொடங்கினால் மூளை புதிதாக எதையும் கற்காது. 90ல் தொடங்கினால் ஆள் ஓடிவிடுவார். ஒவ்வொரு படியிலும் 30 முதல் 45 நிமிடம், அல்லது பதற்றம் பாதியாகும் வரை, அங்கேயே இருக்க வேண்டும். தொடக்கத்தில் 50, பத்து நிமிடத்தில் 70, அரை மணியில் 45, நாற்பதாவது நிமிடத்தில் 30 என்று எண் போகும். அந்த இறக்கத்தை உடம்பால் உணர்வதுதான் மருந்து. 70ல் இருக்கும்போது கதவைத் திறந்து இறங்கிவிட்டால் பழைய பாடமே மீண்டும் உறுதிப்படும். ஒரே படியைப் பல நாட்கள் செய்து, தொடக்க எண்ணே இறங்கிய பிறகு அடுத்ததுக்குப் போங்கள். உண்மையிலேயே ஆபத்தானதை ஏணியில் வைக்கவே கூடாது.

இங்கே நுட்பமாக ஒன்று தவறும். அவர் காரில் உட்கார்ந்திருப்பார், ஆனால் கைப்பிடியை இறுகப் பிடித்து, கண்ணை மூடி, பாட்டைச் சத்தமாக வைத்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் பயிற்சி நடக்கிறது, உள்ளே தவிர்ப்பு நடக்கிறது. வாரங்கள் கடந்தும் எண் இறங்கவில்லை என்றால் முதலில் இதைத் தேடுங்கள். எப்போதும் துணைக்கு ஆள் வைத்துக்கொள்வது, பையில் மாத்திரையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது எல்லாம் இந்த வகைதான்.

மூன்றாம் அமர்விலிருந்து நினைவை எதிர்கொள்வது தொடங்கும். கண்ணை மூடி, நிகழ்காலத்தில், தன் வாயால், தொடக்கம் முதல் பாதுகாப்பான முடிவு வரை சொல்ல வேண்டும். "அப்போது லாரி வந்தது" என்று சொல்வதில்லை, "லாரி வருகிறது, விளக்கு கண்ணைக் கூசுகிறது, என் கால் பிரேக்கைத் தேடுகிறது." 30 முதல் 45 நிமிடம் வரை, கதை முடிந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து. சிகிச்சையாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை மட்டும் கேட்பார். பிறகு 15, 20 நிமிடம் அதில் என்ன புதிதாகத் தெரிந்தது என்ற பேச்சு. அமர்வைப் பதிவுசெய்து, வீட்டில் தினமும் கேட்க வேண்டும். ஐந்தாறு அமர்வுக்குப் பிறகு, தொண்டை அடைக்கும் அந்த ஓரிரு கணங்களை மட்டும் பிரித்தெடுத்து நோயாளி திரும்பத் திரும்பச் சொல்லுவார். எங்கே கதை அவசரமாக ஓடுகிறதோ, எங்கே குரல் தட்டையாகிறதோ, முடிச்சு அங்கேதான் இருக்கும்.

முதல் சில வாரங்களில் கனவும் எரிச்சலும் கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் சிலர் பாதியில் நின்றுவிடலாம். ஆறாத புண்ணைச் சுத்தம் செய்யும்போது எரியும். அந்த எரிச்சல் பொதுவாகச் சில வாரங்களில் அடங்கும்.

எண்ணச் செயலாக்க முறை

குற்றவுணர்வும் வெட்கமும் முன்னால் நிற்பவர்களுக்கு உளவியலாளர் பேட்ரிசியா ரெசிக் உருவாக்கிய இந்த 12 அமர்வு முறை பொருத்தமாக இருக்கும். நிகழ்ச்சியின் விவரத்தை விரிவாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. "இது ஏன் நடந்தது என்று நான் நம்புகிறேன், இது என்னை எப்படி மாற்றியது" என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். அதிலிருந்து மனம் சிக்கிக்கொண்ட வாக்கியங்களைப் பொறுக்கியெடுப்பார்கள். உதாரணம்: "நான் அன்று வேறு வழியில் ஓட்டியிருந்தால் தம்பி செத்திருக்க மாட்டான்."

இதற்கு "அப்படியெல்லாம் நினைக்காதே, உன் தப்பு இல்லை" என்று ஆறுதல் சொன்னால் எடுபடாது. கேள்விகள் கேட்க வேண்டும். அந்த நிமிடத்தில் உங்களுக்கு என்ன தெரியும்? வேறு வழி பாதுகாப்பானது என்று அப்போது தெரிந்திருந்ததா? தம்பிக்குத் தீங்கு வர வேண்டும் என்று எண்ணினீர்களா? லாரி எந்தப் பக்கத்தில் வந்தது? பின்னால் தெரிந்ததை முன்னாலேயே தெரிந்ததாக மனம் கணக்கு எழுதியிருப்பது மெல்ல வெளிப்படும். கடைசியில் அவரே எழுதும் வாக்கியம் இப்படி வரலாம்: "எனக்குத் தெரிந்ததை வைத்து ஓட்டினேன். லாரி தவறான பக்கத்தில் வந்தது. தம்பி போனது எனக்குத் தீராத துக்கம்." குற்றவுணர்வு இறங்கிய இடத்தில் துக்கம் வந்து உட்காரும். அது நல்ல அறிகுறி, அழ விடுங்கள். பின் அமர்வுகளில் பாதுகாப்பு, நம்பிக்கை, கட்டுப்பாடு, சுயமதிப்பு, நெருக்கம் என்ற ஐந்து தலைப்புகளில் இதே வேலை தொடரும்.

மற்ற முறைகள்

உளவியலாளர் ஃபிரான்சின் ஷப்பிரோ 1987ல் கண்டுபிடித்த இஎம்டிஆர் முறையில், நினைவை மனதில் வைத்தபடி சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்ணால் தொடர்கிறார்கள். எட்டுக் கட்டங்கள் கொண்டது. ஒரே நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் 6 முதல் 12 அமர்வு. பலன் உறுதியாகத் தெரிந்தது. கண் அசைவு அதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் இன்னும் விவாதம் உண்டு. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு எழுத்துவழி எதிர்கொள்ளல் இருக்கிறது: 5 அமர்வுகள், ஒவ்வொன்றிலும் 30 நிமிடம் கையால் எழுதுவது, வீட்டுப்பாடம் இல்லை. பல கொடுமைகளை அடுத்தடுத்து அனுபவித்த அகதிகளுக்கு, வாழ்க்கை முழுவதையும் காலவரிசையில் சொல்லவைக்கும் கதைவழி எதிர்கொள்ளல் பயன்படுகிறது.

குழந்தைகளுக்கு மனவடு மைய அறிதல்நடத்தைச் சிகிச்சை, பெற்றோரையும் சேர்த்து. சிறு குழந்தைகள் சொல்ல மாட்டார்கள், விளையாடிக் காட்டுவார்கள். பொம்மைக் காரைத் திரும்பத் திரும்ப மோதுவது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் வருவது, தாயை விட்டு நகராமல் இருப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

மருந்துகள்

மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளான செர்ட்ராலின், பராக்சிட்டின், வென்லாஃபாக்சின் மூன்றுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. செர்ட்ராலினை வழக்கமாக ஒரு வாரம் 25 மில்லிகிராமில் தொடங்கி 50க்கு ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் 200 வரை. பராக்சிட்டின் பொதுவாக 20ல் தொடங்கும். அளவை முடிவு செய்வது மருத்துவர். நோயாளி தெரிந்துகொள்ள வேண்டியது காலக்கணக்கு: பலன் தெரிய 4 முதல் 6 வாரம், சரியாகப் பார்க்க 8 முதல் 12 வாரம். முதல் இரண்டு வாரங்களில் குமட்டலும் அமைதியின்மையும் வரலாம், பலன் பெரும்பாலும் தெரியாது. அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். இளம் வயதினருக்கு அந்த வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று நெருங்கிக் கவனிக்க வேண்டும். பலன் கிடைத்தால் ஒரு வருடமாவது தொடர்ந்து, பின் மெதுவாகக் குறைத்து நிறுத்த வேண்டும். பராக்சிட்டினையும் வென்லாஃபாக்சினையும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, எரிச்சல் வரலாம். அதை நோய் திரும்பிவிட்டதாகத் தவறாக எண்ணுவது உண்டு.

கொடுங்கனவுக்கு பிரசோசின் என்ற ரத்த அழுத்த மருந்தைத் தருவது வழக்கம். ஆதாரம் கலவையானது, 2018ல் வெளியான பெரிய ஆய்வில் ஒப்பிடத் தரப்பட்ட, மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக அது வரவில்லை. ஆனாலும் சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. 1 மில்லிகிராமில், படுக்கும் நேரத்தில் தொடங்க வேண்டும். ரத்த அழுத்தம் இறங்குவதால் எழும்போது மயக்கம் வரலாம். டயசிபம் வகை மாத்திரைகளை பிடிஎஸ்டிக்கு நீண்டநாள் தரக் கூடாது. பழக்கமாகிவிடும் என்பது பாதிக் காரணம். எதிர்கொள்ளும்போது பதற்றம் தானாக இறங்கும் பாடத்தையே அது மறைத்துவிடுகிறது என்பது மீதி. எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருளின் துணையோடான சிகிச்சையை 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அதைத் தானாக முயன்று பார்ப்பது ஆபத்து.

குடிப்பழக்கம் சேர்ந்திருந்தால், "முதலில் குடியை நிறுத்திவிட்டு வா" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பலர் குடிப்பதே நினைவை அமுக்கத்தான். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தொடங்கலாம். கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவதை மட்டும் மருத்துவக் கண்காணிப்பில் செய்ய வேண்டும்.

ஃப்ளாஷ்பேக் வந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது

பின்னாலிருந்து தொடாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள். அவர் கண்ணில் படும்படி, இரண்டடி தள்ளி, அவர் வெளியேறும் வழியை மறைக்காமல் நில்லுங்கள். பெயர் சொல்லி, தாழ்ந்த குரலில் பேசுங்கள்: "நான் உன் அக்கா. நாம் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறோம். இன்று செவ்வாய்க்கிழமை. அது முடிந்துபோனது." பிறகு, "காலைத் தரையில் அழுத்து. தரை எப்படி இருக்கிறது, குளிர்ச்சியாகவா? சுவரில் என்ன நிறம்?" என்று புலன்களைக் கேளுங்கள். பார்ப்பவை ஐந்து, தொடுபவை நான்கு, கேட்பவை மூன்று, முகர்பவை இரண்டு, சுவை ஒன்று என்று எண்ணவைக்கலாம். குளிர்ந்த தண்ணீரைக் கையில் கொடுக்கலாம். "என்ன பார்த்தாய்?" என்று அப்போது கேட்க வேண்டாம். கனவில் அலறுபவரை எழுப்பவும் தோளை உலுக்காதீர்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று கூப்பிடுங்கள், விளக்கைப் போடுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். இது அன்றாடச் சூழலில் ஃப்ளாஷ்பேக்கிலிருந்து மீள உதவும் கருவி. ஏணிப் பயிற்சியின் நடுவே பதற்றம் ஏறும்போதெல்லாம் எண்ணத் தொடங்கினால், இதுவே இன்னொரு தவிர்ப்பாகிவிடும்.

வீட்டாரின் அன்பும் சில சமயம் நோய்க்குத் துணைபோகும். அவருக்குப் பதில் எல்லா இடத்துக்கும் போய்வருவது, வீட்டில் சத்தமே வராமல் பார்த்துக்கொள்வது, அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று கட்டளையிடுவது. சிகிச்சை தொடங்கியதும் இவற்றை ஒவ்வொன்றாக, அவரோடு பேசி, தளர்த்த வேண்டும். அவருக்கே தெரியாமல் திடீரென்று தளர்த்தக் கூடாது.

முன்னேற்றத்தை அளப்பதும், திரும்ப வந்தால் செய்வதும்

ஒவ்வொரு வாரமும் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை பிசிஎல்-5 நிரப்புங்கள். வாராந்திர வடிவத்தில் கேள்விகள் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. 10 புள்ளி இறங்கினால் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம். ஏழெட்டு அமர்வு கடந்தும் எண் அசையவில்லை என்றால், இந்த வரிசையில் பாருங்கள்: வீட்டுப்பாடம் நடக்கிறதா, மறைந்த தவிர்ப்பு உள்ளதா, தேர்ந்தெடுத்த நிகழ்ச்சிதான் உண்மையில் வதைப்பதா (இன்னும் சொல்லாத வேறொன்று அடியில் இருப்பது அபூர்வமல்ல), குடி கூடியிருக்கிறதா, ஆபத்து இன்னும் தொடர்கிறதா. இவை எதுவும் இல்லை என்றால் வேறு முறைக்கு மாறலாம், அல்லது மருந்து சேர்க்கலாம். நிகழ்ச்சி நடந்து 20, 30 வருடம் ஆனவர்களும் இந்த முறைகளால் தேறியிருக்கிறார்கள். காலம் கடந்துவிட்டது என்று யாரையும் திருப்பி அனுப்பக் காரணம் இல்லை.

சிகிச்சை முடியும்போது ஒரு தாளில் மூன்று எழுதிக்கொள்ளுங்கள்: எனக்கு உதவியவை எவை, என் தூண்டல்கள் எவை, நான் நழுவத் தொடங்கினால் முதலில் தெரியும் அடையாளம் எது. நிகழ்ச்சி நடந்த தேதி நெருங்கும்போதும், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போதும், அதே போன்ற செய்தி வரும்போதும் சில நாள் கனவு திரும்பலாம். அந்த நாட்களில் அறிகுறி வருவதை நோய் திரும்பியதாக எண்ண வேண்டாம். "அந்தச் சாலை வேண்டாம், இன்று மட்டும் சுற்றிப் போகலாம்" என்று தோன்றும் முதல் நாளைக் கவனியுங்கள். அன்று அந்தச் சாலையிலேயே போங்கள். இரண்டு வாரம் கடந்தும் தவிர்ப்பு கூடிக்கொண்டே போனால் பழைய சிகிச்சையாளரிடம் ஓரிரு அமர்வு கேளுங்கள். அந்தத் தாளையும் பழைய ஏணியையும் எடுத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் நடுப்படியிலிருந்தே தொடங்க முடியும்.